முட்டி வலியும் ஒரு மண்கோட்டையும்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகன், நார்ஃபோக் பக்கம் தெட்ஃபோர்டு கோட்டையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனான். முட்டி வலிக்கப் படியேறினால் உச்சியில் புல்தான். ஒரு கல்சுவர்கூட இல்லாத மண்மேட்டுக்குக் கோட்டை என்று பெயரா? - மதுரை வாசகி

பதில்: அந்தப் படிகளில் நானும் மூச்சு வாங்கியிருக்கிறேன், அம்மா. 60 அடிக்கு மேல் உயரம். பாதியில் நின்று, இயற்கையை ரசிப்பதுபோல் பாவனை செய்தேன். உச்சிக்குப் போய்க் கோட்டையைத் தேடினால், அது காலுக்குக் கீழே இருந்தது!

1066-இல் இங்கிலாந்தைப் பிடிக்க பிரான்சிலிருந்து வந்திறங்கிய நார்மன்கள் கொஞ்சம் பேர், சுற்றிலும் பகை. கல்லை அடுக்கிக் கட்ட ஏது நேரம்? வட்டமாகப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை நடுவில் கொட்டி இறுக்கினார்கள். மேலே மரக்கோபுரம். கீழே வேலியடைத்த முற்றத்தில் குதிரை லாயம், சமையற்கட்டு. இந்த மேட்டுக்குப் பிரெஞ்சில் 'மோட்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அதே சொல்தான் பிறகு ஆங்கிலத்தில் அகழிக்குப் பெயரானது. ஒரே மண்வெட்டியில் பிறந்த மேடும் பள்ளமும்தானே!

மண் சுமந்தது பெரும்பாலும் உள்ளூர் ஜனங்கள், தங்களை அடக்கப்போகும் கோட்டைக்கே. அந்தப் படையெடுப்பைத் துணியில் தைத்துச் சொல்லும் பேயூ நகரத்துப் பூத்தையல் சித்திரத்தில், ஹேஸ்டிங்ஸ் ஊர்க் கோட்டைமேடு எழும்பும் காட்சி உண்டு. அதில் இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியாலேயே அடித்துக்கொள்கிறார்கள். தைத்தவருக்குக் குறும்பு! ஆனால் லிங்கன் நகரில் கோட்டைக்காக 166 வீடுகள் போயின என்று 1086-ஆம் வருஷத்து அரசுக் கணக்கேடான டூம்ஸ்டே சொல்வதைப் படித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

சரி, உங்கள் தெட்ஃபோர்டுக்கு வருவோம். 1173-இல் ஹியூ பைகாட் என்ற பிரபு கலகத்தில் சேர, அரசர் இரண்டாம் ஹென்றி கோட்டையை அழித்துவிட்டார். கட்டடம் போனது, மேடு நின்றது. கல்லாக இருந்தால் ஊரார் வீடு கட்டப் பெயர்த்துப் போயிருப்பார்கள். இத்தனை மண்ணை யார் அள்ளுவது?

வடக்கே இரட்டை மண்கரை பார்த்தீர்களா? அது நார்மன்களுக்கும் 1000 வருஷத்துக்கு மேல் மூத்த இரும்புக் காலத்து வேலை. தயாராகக் கிடந்ததை வளைத்துக்கொண்டார்கள். ஊர்க்கதை வேறு: சாத்தான் எங்கோ பள்ளம் வெட்டிவிட்டு வழித்துப்போட்ட மண்தான் இந்த மேடாம்.

அடுத்தமுறை போனால் படியேறாதீர்கள். அகழிக்குள் இறங்கி அண்ணாந்து பாருங்கள். ஏற வந்த எதிரி பார்த்த கோட்டை அதுதான், முட்டிக்கும் நல்லது.