நாயோடு காட்டோரம் நடக்கலாமா? ஒரு கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

கோத்தகிரியில் இருபது வருடமாக நாய்களுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். பள்ளி விடுமுறை விட்டதும் வெளியூர்க்காரர்கள் செல்ல நாயோடு மலையேறுகிறார்கள். அவர்களில் சிலர் காயம்பட்ட நாயோடு என் கிளினிக்குக்கு வருகிறார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: டாக்டர், முதுமலைக்குள் எங்கள் லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு ட்ரெக்கிங் போக அனுமதி வாங்க முடியுமா?

முடியாது, முயற்சியும் வேண்டாம். புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் நாயோடு நடக்கும் இடம் இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை. ஐந்துக்கும் இதே பதில்தான். முதுமலை வழியாக மைசூர் போகிறவர்கள் நாயைச் சிறுநீர் கழிக்க வைக்கக்கூட வண்டியை நிறுத்தி இறக்காதீர்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். "என் நாய் யாரையும் கடிக்காது" என்கிறீர்கள். நான் பயப்படுவது கடிக்கு அல்ல, நாய் சுமந்து வரும் கிருமிக்கு. டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ் நோய். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் அது பரவி, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஆயிரம், செத்தன. சுற்றுவட்டார கிராமத்து நாய்களிடமிருந்து போனதாகத்தான் அதை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தபோதும் இதே வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நம் காட்டில் செந்நாய் இருக்கிறது. அது நாய்க் குடும்பம். கூட்டமாக வாழ்கிறது, ஒன்றையொன்று நக்கிக்கொள்கிறது. ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வரும். அதனால் காட்டுப் பக்கம் வரும் எந்த நாயானாலும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல், ரேபிஸ் எல்லாத் தடுப்பூசிகளும் தேதி தவறாமல் போட்டிருக்க வேண்டும். இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து: லாங்வுட் சோலை சின்னக் காடுதானே, அங்கே?

கோத்தகிரியை ஒட்டிய அந்தச் சோலை 116 ஹெக்டேர்தான். ஆனாலும் அது காப்புக்காடு. 2024இல் ராம்சர் பட்டியலிலும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்ந்தது. மனிதர்களுக்கே அனுமதி வேண்டும். நாய் வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: அப்புறம் எங்கேதான் நடப்பது?

நல்ல கேள்வி. ஊர்ச் சாலைகள், பிறகு டீ எஸ்டேட் பாதைகள். எஸ்டேட் என்றால் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். மேஸ்திரி யாரையாவது பார்த்தால் "இன்றைக்கு மருந்து அடித்தீர்களா?" என்று கட்டாயம் விசாரியுங்கள். மருந்து அடித்த செடியில் உரசிவிட்டு வீட்டுக்கு வந்து காலை நக்கும் நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வாயில் நுரை தள்ளிக்கொண்டு வரும்.

நேரம் முக்கியம். காலை எட்டரைக்கு மேல், மாலை நான்குக்குள். "சூரிய உதயம் அழகாக இருக்கும்" என்பது உண்மைதான், ஆனால் அது சிறுத்தையின் நேரமும்கூட.

மதுரையிலிருந்து: காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது?

ஒரு நவம்பர் காலை நடந்ததைச் சொல்கிறேன். அவசர வேலையாக ஏழு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. நல்ல பனிமூட்டம். என் கருப்பி, பதினான்கு கிலோ நாட்டு நாய், டீச்செடி ஓரத்தில் சட்டென்று நின்றுவிட்டாள். குரைக்கவில்லை. கழுத்திலிருந்து வால்வரை முடி சிலிர்த்து நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனிக்குள் நாலு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, மேலே ஒன்றுமே இல்லாதது போல. அப்புறம்தான் மூச்சு விடும் சத்தம் கேட்டது. இருபது அடிகூட இருக்காது.

லீஷை, அதாவது நாயைப் பிடிக்கும் வாரை, கையில் இரண்டு சுற்றுச் சுற்றி அவளைக் காலோடு ஒட்டிவைத்தேன். முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் பின்வாங்கினேன். ஓடவில்லை, கத்தவில்லை. அது பெருமூச்சு விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

வளர்ந்த ஆண் காட்டுமாடு ஒரு டன் வரை எடை வரும். மனிதன் தனியாகப் போனால் பெரும்பாலும் விலகிவிடும். அவிழ்த்துவிட்ட நாய் போய்க் குரைத்தால் அது துரத்தும். துரத்தப்பட்ட நாய் எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். யானை, கரடி விஷயத்திலும் இதேதான்.

சேலத்திலிருந்து: என் நாய் கூப்பிட்டால் உடனே வரும். லீஷ் தேவையா?

தேவை. வீட்டு வாசலில் கூப்பிட்டால் வரும். கடமான் வாசனை மூக்கில் ஏறிய பிறகு உங்கள் குரல் அதற்குக் கேட்காது.

விருதுநகரிலிருந்து: மற்ற நாய்களுக்கு நீங்கள் சொல்வது சரி. எங்களிடம் இருப்பது ராஜபாளையம். வேட்டை நாய். சிறுத்தையே வந்தாலும் நிற்கும். அதைக் கட்டிப்போட்டால்தான் ஆபத்து.

நிற்கும் என்பதை நம்புகிறேன். அதனால்தான் பயப்படுகிறேன். ஓடத் தெரிந்த நாய்க்காவது பிழைக்க வாய்ப்பு உண்டு. மகாராஷ்டிராவில், அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) பக்கம் ஊர்களையொட்டி வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தார்கள். அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய். ஆடு, மாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அதாவது சிறுத்தைக்கு நாய் எதிரி அல்ல, சாப்பாடு.

அதே விருதுநகர்க்காரர்: அவை தெருநாய்களாக இருக்கும். ராஜபாளையத்தின் உயரமும் வேகமும் வேறு. எங்கள் தாத்தா காலத்தில் பன்றி வேட்டைக்கே போயிருக்கின்றன.

போயிருக்கின்றன, மறுக்கவில்லை. தனியாகப் போகவில்லை, நாலைந்து நாய், பின்னால் ஆயுதத்தோடு ஆட்கள். எத்தனை திரும்பி வந்தன என்று தாத்தா சொன்னாரா? சிறுத்தை எதிரே வந்து சண்டைக்கு நிற்பதில்லை. பக்கவாட்டிலிருந்து வந்து தொண்டையைக் கவ்வும். உயரமோ வேகமோ பயன்பட நேரமே இருக்காது.

தேனியிலிருந்து இன்னொருவர்: ஆணி பெல்ட் போட்டால்?

இமயமலை இடையர்கள் கிடைநாய்களுக்கு முள்பட்டை போடுகிறார்கள். அவை ஆட்டுக்குக் காவல் நிற்கும் நாய்கள். அவற்றுக்கு வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை உலாவப்போகிற உங்களுக்கு வழி இருக்கிறது. தொண்டையை மட்டும் மறைத்து, வயிற்றை என்ன செய்வீர்கள்? ஐயா, ராஜபாளையம் இன்று எண்ணிக்கையில் குறைந்துபோன நம் ஊர் இனம். அதைச் சோதித்துப் பார்க்கவா காட்டுக்குக் கூட்டிப்போவது?

பொள்ளாச்சியிலிருந்து: உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவலாமா?

கூடவே கூடாது. தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம். இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நடந்து வந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பாருங்கள்: காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில். உண்ணி தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காதீர்கள். முன்கூட்டியே உண்ணி மாத்திரை கொடுத்துவிடுவது நல்லது. மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன, நாயின் எடையைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஓரிரு வாரம் கழித்துத்தான் வரும். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போவது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர், இதில் எது இருந்தாலும் ரத்தப் பரிசோதனை. ஊருக்குப் போய்விட்டால் அங்கிருக்கும் டாக்டரிடம் "மலைக்குப் போய்வந்தோம்" என்று சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூரில் கண்டுபிடித்த குரங்குக் காய்ச்சலும் காட்டு உண்ணியால்தான் வருகிறது.

வால்பாறையிலிருந்து: அட்டை?

வெளியே கடித்தால் பெரிய ஆபத்தில்லை, தானே விழும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கவிட்டால் மூக்குக்குள் ஏறும். மூக்கின் ஒரு துவாரத்தில் மட்டும் ரத்தம் வந்து, தும்மலும் இருந்தால் நீங்களாக எதுவும் செய்யாமல் டாக்டரிடம் வாருங்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

சென்னையிலிருந்து: எங்களிடம் இருப்பது பக், தட்டை மூக்கு நாய். அதற்கு எத்தனை கிலோமீட்டர் சரி?

ஒன்று. நிழலில். மூச்சு கரகரத்தால் தூக்கிக்கொண்டு திரும்புங்கள்.

சென்னையிலிருந்தே: நடந்து கால்வலி வந்தால் பாராசிட்டமால்?

கொடுக்காதீர்கள். புரூஃபனும் கூடாது. மனித மாத்திரை எதுவும் வேண்டாம்.

கரூரிலிருந்து: பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டுமா?

கட்டக் கூடாது, கீறக் கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், வழியிலேயே போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கு மட்டும். மலையில் இருக்கும் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. செடிக்குள் மூக்கை நுழைக்கவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் வைத்தியம்.

சூரிக்கிலிருந்து: இங்கே காடுகளில் எல்லோரும் நாயோடு நடக்கிறார்களே?

நடக்கிறார்கள், அந்த ஊர் விதிப்படி. ஆனால் எங்காடின் பக்கம் இருக்கும் சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் லீஷ் போட்டாலும் நாய்க்கு அனுமதி இல்லை. மற்ற இடங்களுக்கு நுழைவாயில் பலகையைப் படியுங்கள்.

ஓசூரிலிருந்து: நீளும் லீஷ் போட்டால் சுதந்திரமாக ஓடுமே, லீஷ் அவசியம்தானா?

லீஷ் பற்றி மேலே சேலத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், படியுங்கள். நீளும் லீஷ் வேண்டாம். புதரில் சிக்கும்.

விருதுநகர்க்காரர் மறுபடியும்: வாதத்துக்கு இல்லை டாக்டர். அடுத்த மாதம் கோத்தகிரி வருகிறோம், ராஜாவும் வருகிறான். எந்த லீஷ் வாங்குவது?

ஆறடி நீளம், நைலான், நல்ல தடிமன். கழுத்தில் மாட்டாமல் மார்போடு சேர்த்துப் போடும் பெல்ட்டில் மாட்டுங்கள். கொக்கி பித்தளையாக இருந்தால் மழைக்குத் துருப்பிடிக்காது. தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள். எஸ்டேட் பாதையில் நானே கூட வந்து காட்டுகிறேன், எட்டரை மணிக்கு.