நார்வே கப்பல்ல நார்த் கேப் இறங்குற நாள்: நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன்

பெர்கன்லேர்ந்து கிர்கெனஸ் போற கடலோரக் கப்பல்ல ரெண்டு தடவ போயிட்டு வந்தாச்சு, ஒண்ணு ஜூன், ஒண்ணு பிப்ரவரி. பையன் அங்க வேல பாக்குறான், அதான். போக வர 12 நாள், 34 துறைமுகம். ஆனா கும்பகோணம் திரும்பினதுலேர்ந்து எல்லாரும் கேக்குறது ஹொன்னிங்ஸ்வோக்ங்கற துறைமுகத்துல இறங்கி, வடக்குக் கோடில இருக்குற நார்த் கேப்ங்கற பாறை முனைக்குப் போற அந்த ஒரு நாளப் பத்திதான், அதனால அத மட்டும் சொல்றேன்.

மயிலாடுதுறை தம்பி: அக்கா, கப்பல்காரங்க டூர் ரேட்டு ஜாஸ்தியா இருக்கு. வெளில டாக்ஸி புடிச்சுப் போனா என்ன?

போலாம் தம்பி, ஆனா வயித்துல புளியக் கரைக்கும். அது உல்லாசக் கப்பல் மட்டும் இல்ல, 1893லேர்ந்து ஓடுற லைன் கப்பல், ஊரூரா சரக்கு இறக்கும், உள்ளூர் ஆளுங்களையும் ஏத்தும், நம்ம ஜங்ஷன்ல ரயில் நிக்கிற மாதிரி நேரமானா கெளம்பிடும். வடக்க போறப்ப அங்க நிக்கிறது சுமார் மூணரை மணி நேரம். நார்த் கேப் 34 கிலோமீட்டர், பஸ்ஸுல போக முக்கா மணி, வர முக்கா மணி. கப்பலோட டூர் பஸ் லேட்டானா காத்திருப்பாங்க, நீங்களா போனா டாட்டாதான். மத்த ஊர்லல்லாம் நான் காசு மிச்சம் புடிச்சேன், டிரோம்சோல நடந்தே சுத்தினேன், இங்க மட்டும் டூர்தான் எடுத்தேன்.

திருவாரூர் அண்ணி: ராத்திரி சூரியன் அங்க நின்னு பாக்கலாமா?

இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க அண்ணி. மே நடுவுலேர்ந்து ஜூலை கடைசி வரைக்கும் அங்க சூரியன் மறையறதே இல்ல, அது நெசம். ஆனா வடக்க போற கப்பல் அங்க நிக்கிறது பகல்ல. நடுராத்திரிச் சூரியன கப்பல் டெக்குலேர்ந்துதான் பாக்கணும், மேகம் இல்லாம இருந்தா. நான் ஜூன்ல ராத்திரி பன்னண்டு மணிக்கு ஸ்வெட்டர் மேல சால்வையப் போத்திக்கிட்டு நின்னேன், சாயங்காலம் அஞ்சு மணி வெயில் மாதிரி மஞ்சளா அடிக்குது, தூக்கமே வரல.

தஞ்சாவூர் சித்தப்பா: அங்க என்னதாம்மா இருக்கு, ஒரு இரும்பு உருண்டை தானே?

உருண்டைதான் சித்தப்பா, பூமி உருண்டை மாதிரி செஞ்சு 1978ல வச்சது. ஆனா அது நிக்கிற பாறை 307 மீட்டர், கம்பியப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தா கீழ கடல் மட்டும்தான். மரம்னு ஒண்ணு கெடையாது, காத்து ஆள நகத்துது, எங்க வீட்டுக்காரர் குல்லாவப் பறிகொடுத்தாரு. அங்க இருக்குற கட்டடத்துக்குள்ள தாய்லாந்து ராஜா சூலலாங்கோர்ன் 1907ல வந்ததுக்கு ஒரு சின்ன மியூசியம் இருக்கு. எனக்குப் புடிச்ச சேதி வேற. நம்ம தரங்கம்பாடில 1620ல டேனிஷ் கோட்டை கட்டுனாங்கல்ல, ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு, அப்ப டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நாலாம் கிறிஸ்டியன்தான் ராஜா. அந்தாளு 1599லயே கப்பலேறி இந்த முனையச் சுத்திப் போயிருக்காரு. கோட்டைய நூறு தடவ பாத்திருக்கேன், அந்த ராஜாவ இங்க வந்துதான் நெனச்சேன்.

வேதாரண்யம் தம்பி: அதுதான் ஐரோப்பாவோட கோடியாக்கா?

கோடியக்கரைக்காரன் சரியா கேட்டுட்ட. இல்லப்பா. பக்கத்துலயே க்னிவ்ஷெல்லோடன்னு தாழ்வா ஒரு முனை கடலுக்குள்ள இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர் கிட்ட வடக்க நீண்டிருக்கு. அங்க போய் வர 18 கிலோமீட்டர் நடக்கணும், கப்பல் டயத்துக்குள்ள நடக்காது. ரெண்டுமே மாகரோயாங்கற தீவுல இருக்கு, அதனால ஐரோப்பா நெலத்தோட கோடின்னும் சொல்ல முடியாது. பஸ் எதுக்குப் போகுதோ அதுக்குப் பேரு, அவ்ளோதான்.

மன்னார்குடி மாமா: குளிர்காலத்துல டிக்கெட் கொறச்சல்னு சொல்றாங்களே?

மாமா, நார்த் கேப் போற ரோட்டுல கடைசி 13 கிலோமீட்டர் குளிர்காலத்துல தனியா போக விடமாட்டாங்க, பனி தள்ளுற வண்டி முன்னால போகும், பின்னால வரிசையாப் போகணும். காத்து ஜாஸ்தியானா ரோட்டையே மூடிடுவாங்க. பிப்ரவரில எங்களுக்கு அதான் ஆச்சு, டூர் கேன்சல், ஊருக்குள்ள வழுக்கி வழுக்கி நடந்து ஒரு காப்பியக் குடிச்சிட்டு கப்பலுக்குத் திரும்பிட்டோம். டூர் காசு திரும்பி வந்துச்சு, மனசுதான் ஆறல. முனையத்தான் பாக்கணும்னா வெயில் காலத்துலயே போங்க. அப்ப தெற்க திரும்பி வர்றப்ப இன்னொரு டூரும் உண்டு, விடியக்காலைல இறங்கி முனைல டிபன் சாப்ட்டு, கடலுக்கடில போற சுரங்கப்பாதை வழியா பஸ்லயே ஹாமர்ஃபெஸ்ட் போய் அதே கப்பலப் புடிக்கிறது. கூட்டம் இருக்காது, எனக்குக் கேட்டா அதான் உசத்தி.

கும்பகோணம் பெரியம்மா: நாங்க சுத்த சைவம்டி. பட்டினி கெடக்கணுமா?

கப்பல்ல புக் பண்றப்பவே சொல்லிடுங்க பெரியம்மா, செஞ்சு தருவாங்க. வெளில வாஃபிள் விப்பாங்க, அதுல முட்டை உண்டு, தொடாதீங்க. பழுப்புக் கலர்ல ஒரு சீஸ் தருவாங்க, பாலத் திரிச்சு எடுத்த தண்ணியச் சுண்டக் காய்ச்சினது, வாயில போட்டா நம்ம திரட்டுப்பால்ல ஒரு கல்லு உப்பு விழுந்த மாதிரி இருக்கும். கையோட புளிக்காய்ச்சல் ஒரு டப்பா எடுத்துட்டுப் போங்க.

நாகப்பட்டினம் அண்ணன்: அங்கயும் கருவாடு உண்டாமே?

அது முனைல இல்ல அண்ணே, அதுக்கு ரெண்டு நாள் முன்னால வர்ற லோஃபோடென் தீவுல. காட் மீன உப்பே போடாம, வாலோட வாலக் கட்டி மரச்சட்டத்துல தொங்கவிட்டு குளிர்க்காத்துலயே காயவிடுறாங்க, பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும். கட்டை மாதிரி இருக்கு, தட்டினா டொக்குன்னு சத்தம். நாத்தம் நம்ம கருவாட்டுல பாதிகூட இல்ல. ஒரு பாக்கெட் வாங்கியாந்து ஊற வச்சு, கத்திரிக்காய் போட்டுக் கொழம்பு வச்சேன். வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்ட்டுட்டு, நெத்திலி இல்லையான்னு கேட்டாரு.