இரவில் லாங்போர்டில் (நீளமான ஸ்கேட்போர்டு) சரிவு இறங்க தொப்பூர், வத்தல்மலை, அஞ்செட்டி இவற்றில் எது சரி? பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?

மூன்றுமே வேண்டாம். தொப்பூர் கணவாய் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சேலம் பக்கம் இறங்கும் லாரிகளே பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிமேல் ஏறும் இடம் அது. அஞ்செட்டிச் சாலை காட்டுக்குள் போகிறது, ராகி முற்றும் மாதங்களில் யானை நடமாட்டம் உண்டு. யானையின் நிறம் லைட் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தராது, பக்கத்தில் வந்த பிறகுதான் உருவமே தெரியும். ஒகேனக்கல் இறக்கத்துக்கும் இதே கதைதான். வத்தல்மலையில் கொண்டை ஊசி வளைவுகள், குறுகலான ரோடு. பகலில், வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்தி இறங்கலாம். ராத்திரியில் கூடாது.

இரவுக்கு ஏற்றது 300, 400 மீட்டர் நீளமுள்ள நேர்ச்சரிவு. முடிவில் சமதளமோ சின்ன மேடோ இருக்கவேண்டும், அதுவே உங்களை நிறுத்திவிடும். அப்படிக் கிராமத்து இணைப்புச் சாலை ஒன்று கிடைத்தால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து வேகம். பகலில் அதைச் சரிவும் உங்கள் திறமையும் முடிவு செய்யும், இரவில் லைட்தான் முடிவு செய்யும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். கல்லைக் கண்டு, புரிந்து, உடம்பைத் திருப்ப ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 17 மீட்டர் போய்விடும். கையை ஊன்றிச் சறுக்கி நிற்க, நல்ல ரோட்டிலேயே இன்னும் 15 மீட்டராவது வேண்டும். ஆக 35 மீட்டருக்கு அப்பால் உள்ள சின்னக் கல் தெளிவாகத் தெரியாவிட்டால் அந்த வேகம் உங்களுக்கு இல்லை. காலைத் தேய்த்து நிறுத்துவதை மட்டும் நம்புகிறவர்கள் 20, 25-க்கு மேல் போகவே கூடாது.

லைட்டை எங்கே கட்டுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஹெல்மெட்டில் மட்டும் கட்டினால் வெளிச்சமும் பார்வையும் ஒரே கோட்டில் போகும். கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், ரோடு மொழுகிவிட்ட மாதிரி சமமாகத் தெரியும். அதே லைட்டைப் போர்டின் முன்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தால் சுண்டைக்காய் அளவு ஜல்லிக்கும் முழ நீளத்துக்கு நிழல் விழும். அதனால் இரண்டும் வேண்டும்: கீழே ஒன்று ரோட்டின் மேடுபள்ளம் காட்ட, ஹெல்மெட்டில் ஒன்று திரும்பும் பக்கம் பார்க்க. 800 லூமனுக்குக் குறையாத சைக்கிள் லைட் போதும். போர்டு அதிர்வில் கிளிப் கழன்று விழும், டிரக் (நம்மூர் லாரி இல்லை, சக்கரம் மாட்டும் அச்சு) போல்ட்டோடு பட்டி போட்டு முடுக்குங்கள். முதுகில் சிவப்பு லைட் கட்டாயம். ரோட்டில் கறுப்பாகத் தெரிவது ஈரமா, தார் ஒட்டா, குழியா என்று யோசிக்க நேரமிருக்காது. எல்லாமே குழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பைக்கை ஓட்டிவந்து வெளிச்சம் காட்டச் சொல்வது நல்ல யோசனை மாதிரி தெரியும், ஆனால் உங்கள் நிழலே உங்கள் பாதைமேல் விழும். நீங்கள் விழுந்தால் பைக் உங்கள்மேல் ஏறும். பைக் வரட்டும், ஆனால் 30 மீட்டராவது தள்ளி, வலப்பக்கமாக. பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க மட்டுமே அது.

இறங்குவதற்கு முன் டார்ச்சோடு சரிவு முழுக்க நடங்கள், கையில் துடைப்பமும் இருக்கட்டும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட், ஜல்லி லாரி ஓடும் ரோடுகளில் திருப்பத்துக்குத் திருப்பம் ஜல்லி சிதறிக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் கொள்ளும் ராகியும் ரோட்டிலேயே காயும். ராத்திரிக்குத் தார்ப்பாய் போட்டு மூடி ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள். தானியத்தை அள்ளிய பிறகும் சில கல் அங்கேயே கிடக்கும். 70 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அரை அங்குலக் கல்லே சுவர்தான்: போர்டு நின்றுவிடும், ஆள் பறப்பார். கொள்ளு மணி உருண்டால் சக்கரத்துக்குப் பிடிப்பே இருக்காது. பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளுக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிடுங்கள். பகலில் சூடேறிய தார்மேல் ராத்திரி பாம்பு படுத்திருக்கும், ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யாராவது ஒரு தடவை பைக்கில் போய்வரட்டும்.

கீழே ஒருவர், நடுவில் ஒருவர் பச்சை விளக்கோடு நிற்கவேண்டும். இங்கே விதி ஒன்றுதான்: பச்சை தெரிந்தால் மட்டுமே கிளம்பு. சிவப்பு காட்டினால் நில் என்று வைத்தால், விளக்குக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வண்டி வந்துவிடும். எதிரே ஹைபீம் அடித்தால் கண் தெளியச் சில நொடி ஆகும். இடது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுவதே வழி.

போர்டில் பார்க்கவேண்டியது டிரக். வேகத்தில் போர்டு உதறுவது பெரும்பாலும் பின் டிரக் அதிகமாகத் திரும்புவதால்தான். முன்னால் 50 டிகிரி, பின்னால் 30 டிகிரி என்று மாட்டி, எடையில் முக்கால் பங்கை முன்காலில் வையுங்கள். உதறல் ஆரம்பித்ததும் பயந்து பின்னால் சாய்வதுதான் ஆளைத் தள்ளும்.

முகம் மூடிய ஹெல்மெட் வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள பைக் ஹெல்மெட் கனம்தான், ஆனால் தாடையைக் காப்பாற்றும். கண்ணாடி நிறமில்லாததாக இருக்கட்டும். பனி படியாமலிருக்க விரற்கடை திறந்து வையுங்கள். கை ஊன்றிச் சறுக்குவதற்கான கையுறை கிடைக்காவிட்டால் தடித்த தோல் கையுறையில், காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டி வெல்க்ரோவால் ஒட்டலாம். 10 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கவேண்டும். ஜீன்ஸ் தாரில் சில மீட்டரிலேயே கிழிந்துவிடும், கெட்டி முழங்கால் கவசம் மாட்டுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு பனி இறங்கி ரோடு நனையும். கையால் தொட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கிளம்புமுன் 108-க்குச் சொல்ல வேண்டிய கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் அருகிலுள்ள ஊர்ப்பெயரையும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருங்கள். போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதையும் பகலிலேயே பார்த்துவிடுங்கள். விழுந்தவர் கழுத்து வலி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ஆளை அசைக்காமல், பைக்கை அவரிடமிருந்து சற்றுத் தள்ளி, சரிவின் மேல்பக்கம் நிறுத்தி நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சிக்னல் உள்ள இடத்துக்கு ஒருவரை அனுப்புங்கள்.