திருகாணி தொலைந்த இலையுதிர் காலம்

"குடும்பத்தோடு கழித்த இலையுதிர் கால விடுமுறைகளில் உங்களால் மறக்க முடியாதது எது? கொண்டாட்டம், சொதப்பல் இரண்டையும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்கவே வேண்டியதில்லை. 2019தான். என் அம்மா எங்களோடு இருந்த ஒரே இலையுதிர் காலம் அது.

நாங்கள் இருப்பது சிகாகோவின் மேற்குப் புறநகரில். நான், கணவர், அப்போது ஒன்பது வயதான மகள், ஐந்து வயதான மகன். அம்மா திருநெல்வேலியிலிருந்து ஜூன் கடைசியில் வந்தார். டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பும்படி டிக்கெட். அப்பா போன பிறகு அம்மா தனியாகச் செய்த முதல் பெரிய பயணம்.

கோடை முழுக்க அம்மாவுக்கு இந்த ஊர் பெரிதாக ஒட்டவில்லை. அக்டோபரில் மரங்கள் நிறம் மாற ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டார். காலையில் காபியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். இலைக்கு யார் சாயம் பூசுகிறார்கள் என்று பேரனைக் கேட்டார். மகள் பள்ளியில் படித்ததை விளக்கினாள். மஞ்சள் நிறம் கோடையிலேயே இலைக்குள் இருக்கிறது, பச்சையம் அதை மறைத்து வைத்திருக்கிறது, பகல் குறையக் குறையப் பச்சையம் சிதைந்துபோய் மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக உண்டாகிறது, பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் இன்னும் பளிச்சென்று வரும் என்றாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "போகிற நேரத்தில் இவ்வளவு அழகா" என்று மட்டும் சொன்னார். அப்போது நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் இரண்டாவது திங்கள் கொலம்பஸ் தின விடுமுறை. ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். ஆப்பிளைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் கிளையோடு வந்துவிடும். பழத்தை மேலே தூக்கி லேசாகத் திருக வேண்டும். அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. ஏறக்குறைய இருபது பவுண்டு பிடிக்கும் பை ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் இறக்கும்போது பை அடியோடு கிழிந்து, அத்தனையும் சரிவில் உருண்டு தெருவுக்கு ஓடியது. பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அடிபட்ட பழம் நாலு நாள்கூடத் தாங்காது. புளிப்பாக இருந்த பச்சை ஆப்பிள்களை எல்லாம் துருவி, மாங்காய்த் தொக்கு மாதிரியே நல்லெண்ணெயில் வதக்கி, வெந்தயம் பெருங்காயம் போட்டு இரண்டு பாட்டில் தொக்கு செய்துவிட்டார் அம்மா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அக்டோபர் என்றால் ஆப்பிள் தொக்குதான்.

அடுத்த ஞாயிறு இலை வாரினோம். எங்கள் முற்றத்தில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. வாரிய இலையை உயரமான காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைத்தால் திங்கள்கிழமை வண்டி வந்து எடுத்துப்போகும். குளிர்கிறது என்று அம்மாவின் தலையில் கம்பளிக் குல்லா ஒன்றை மாட்டிவிட்டிருந்தேன். பிள்ளைகள் குவியலில் குதிக்க, அம்மாவும் கூட நின்று அவர்கள்மேல் இலையை வாரி இறைத்துக்கொண்டிருந்தார். மாலை உள்ளே வந்து குல்லாவைக் கழற்றினார். ஒரு காது மூளியாக இருந்தது.

ஏழுகல் தோடு. அம்மாவின் கல்யாணத்துக்குப் போட்டது. நாற்பத்து மூன்று வருடம் அந்தக் காதில் கிடந்தது.

அம்மா அழவில்லை. காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "விடுட்டி, தேட வேண்டாம், இருட்டிட்டு" என்றார். அந்தக் குரலைக் கேட்டபிறகு யாரால் விட முடியும்? அடைத்து வைத்திருந்த பதினோரு பைகளையும் மறுபடி முற்றத்தில் கொட்டினோம். கணவர் கார் விளக்கைப் போட்டார். பிள்ளைகள் டார்ச்சோடு முட்டிபோட்டுத் தேடினார்கள். குல்லாவையும் இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்கப் பக்கத்து வீட்டுத் தம்பதி வந்தார்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் எதுவும் பேசாமல் உள்ளே போய், தோட்டக் கையுறையும் இரண்டு விளக்கும் எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு குனிந்துவிட்டார். இரவு பத்து மணிவரை ஒவ்வொரு கைப்பிடி இலையாக அலசினோம். கிடைக்கவில்லை. காலையில் வண்டி வரும் என்பதால் திரும்ப அடைத்து வைத்தோம். அந்த வண்டியின் சத்தம் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 27. மகள் தன்னுடைய சின்னக் கம்மலைக் கொடுக்க, அம்மா அதைப் போட்டுக்கொண்டார். முறுக்கு சுட்டபோது எண்ணெய்ப் புகையில் புகை அலாரம் அடித்து, மகன் பயந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஜன்னல்களைத் திறந்துவைத்து, துண்டால் விசிறியபடியே மீதி ஈடுகளைப் போட்டு எடுத்தோம். முறுக்கு நன்றாக வந்தது.

பூசணிக்காய்க் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் இல்லினாய் மாநிலத்தில் விளைகிற அளவுக்குப் பூசணி நாட்டில் வேறெங்கும் விளைவதில்லை. பெரும்பகுதி டின்னில் அடைக்கப் போகிறது. அக்டோபர் கடைசி நாள், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகிற ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற பெரிய பூசணி வேறு வகை, நீர் அதிகம், ருசி குறைவு. சமையலுக்குச் சிறிய வகை ஒன்று தனியாகக் கிடைக்கும். நான் இதைச் சொல்லியும் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "இம்புட்டுச் சதையையும் குப்பையிலயா போடுவ?" என்று எடுத்துக் கூட்டு வைத்தார். தேங்காயும் மிளகாயும் கூடவே அரைத்து ஊற்ற வேண்டியிருந்தது. விதையைக் கழுவி, காயவைத்து, உப்புப் போட்டு வறுத்துக் கொடுத்தார், அது ஒரே நாளில் தீர்ந்தது. செதுக்கிய முகமோ பத்து நாள் முன்னாலேயே வாசலுக்குப் போனதால், அணில் ஒரு கண்ணைப் பெரிதாக்கி வைத்திருந்தது, உள்ளே பூசணமும் பிடித்துவிட்டது. செதுக்கினால் சில நாள்தான் தாங்கும். இப்போதெல்லாம் நாங்கள் ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்புதான் கத்தியை எடுக்கிறோம்.

ஹாலோவீன் அன்று சிகாகோவில் பனி பெய்தது. தூறல் பனி இல்லை, புல் மூடும் அளவுக்குப் பனி. மகள் மயில், மகன் டைனோசர். மயில் தோகையை நானும் அம்மாவும் மூன்று இரவு உட்கார்ந்து தைத்திருந்தோம். அதன்மேல் பனிக்கோட்டைப் போடச் சொன்னதும் மகள் அழ ஆரம்பித்தாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோகையின் நாடாவை அவிழ்த்து, கோட்டுக்கு மேலே வைத்து, ஊக்கு குத்தி நிறுத்திவிட்டார். கோட்டோடு சேர்ந்து மயில் இன்னும் கனமாகவே தெரிந்தது. சரி, நானும் கூட வருகிறேன் என்று கிளம்பி, அலமாரியிலிருந்து அந்தக் குல்லாவை எடுத்தார். தோடு தொலைந்த நாளிலிருந்து அதை அவர் தொடவே இல்லை. குளிருக்குக் காது மூடவேண்டுமே என்று மடித்திருந்த விளிம்பைக் கீழே இறக்கினார். கம்பளி இழையில் சிக்கிக்கொண்டு தோடு தொங்கியது.

நான் உதறிப் பார்த்தேனே தவிர, அந்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மா தோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். திருகாணி மட்டும் இல்லை.

அம்மா நேராகப் போனது பக்கத்து வீட்டுக்கு. மொழி தெரியாது. வாசலில் நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர்கள் படிக்கட்டில் ஒரு நீலப்பச்சைப் பூசணி இருந்தது. அப்படி ஒன்றை வைத்தால், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே தின்பண்டம் அல்லாத பரிசு உண்டு என்று அர்த்தம். நாடு முழுக்க அந்த வழக்கம் 2014இல் பரவியது. என் மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவனுக்காகவே அவர்கள் அந்த வருடம் பூசணிக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: குட்டி அளவு மிட்டாய்களின் உறையில் பல சமயம் பொருட்களின் பட்டியலே இருக்காது, அதே மிட்டாயின் பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் சேர்மானம் மாறலாம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்க்கும்வரை ஒன்றையும் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி.

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிக்கொண்டது, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை. அம்மா அதைப் பார்த்து எல்லோரையும் எழுப்பி, குளிக்கவைத்து, இட்லி கொடுத்து அனுப்ப, தமிழ்ப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்க் காரில் உட்கார்ந்திருந்தோம். அன்று மாலையே அம்மாவுக்கு இன்னொரு வருத்தம். தினமும் இங்கே காலை பத்து மணிக்குச் சித்தியோடு பேசுவார், அங்கே இரவு எட்டரை. இனி அங்கே ஒன்பதரை, சித்தி தூங்கிவிடுவார். மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கே பேச ஆரம்பித்தார்.

அப்புறம், குடும்பமாகக் கூடி வான்கோழி சமைத்துச் சாப்பிடுகிற தேங்க்ஸ்கிவிங். நவம்பர் நான்காவது வியாழன். தேதி என்ன என்று அம்மா கேட்டார். தேதி கிடையாது, கிழமைதான் கணக்கு, 1941இல் சட்டமே போட்டு நிலைநிறுத்தினார்கள் என்றாள் மகள். நம் ஊர் ஆடி வெள்ளி மாதிரி என்று அம்மா உடனே புரிந்துகொண்டார். முந்தைய இரண்டு நாளும் புயல்காற்று. பக்கத்து வீட்டுத் தம்பதியின் மகன் விமானம் ஏற முடியாமல் வரவில்லை. அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். காலை எட்டு மணிக்கு அந்த அம்மாள் கலங்கிய முகத்தோடு வந்தார். பதினான்கு பவுண்டு வான்கோழி, உறைந்த கல்லாகவே இருந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கு. அவர்கள் வைத்திருந்த கராஜில் அது இளகவே இல்லை.

ஒரே வழி, உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைப்பது. பவுண்டுக்கு அரைமணி, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். வெந்நீர் கூடாது, உள்ளே இளகுவதற்குள் வெளிப்பக்கம் கெட்டுவிடும். பதினான்கு பவுண்டுக்கு ஏழு மணி நேரம். அம்மா சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் நேரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சமையலறைக் கடிகாரத்தின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் அந்த அம்மாள். தொலைக்காட்சியில் நியூயார்க் அணிவகுப்பு ஓடியது, காற்றுக்காகப் பெரிய பலூன்களை அந்த வருடம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரைமணி ஆனதும் அம்மா விரலை உயர்த்துவார். அந்த அம்மாள் எழுந்து தண்ணீர் மாற்றுவார். மறுபடி உட்கார்ந்து, அம்மா தன் மொழியிலும் அவர் தன் மொழியிலும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குக் கேட்டது. மொழிபெயர்க்க வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்கள் இருவருமே.

மூன்று மணிக்கு அடுப்பில் போனது. தொடையின் கனமான இடத்தில் வெப்பமானியைக் குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். ஏழு மணிக்குக் காட்டியது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு மசியல், ஆப்பிள் தொக்கு, வான்கோழி எல்லாம் ஒரே மேசையில்.

அம்மா ஊருக்குப் போய், மறு இலையுதிர் காலத்துக்கு வருவதாகச் சொன்னார். 2020 எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியவில்லை. தோட்டுக்குத் திருநெல்வேலியில் வேறு திருகாணி செய்துபோட்டுக்கொண்டார். பழையது எங்கள் முற்றத்தில்தான் எங்கோ கிடக்கிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் இலை வாரும்போது, மகன் மட்டும் மேப்பிள் மரத்தடியில் கொஞ்ச நேரம் குனிந்து தேடுவான். அன்று இரவு அம்மாவிடம் பேசும்போது அவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

"கெடச்சுதாட்டி?"

"இன்னும் இல்லம்மா."