புதுக் காரின் எல்லா வசதிகளையும் எப்படிக் கற்றுக்கொள்வது?

டெலிவரி எடுத்தபோது ஷோரூமில் படபடவென்று சொன்னது எதுவும் நினைவில் இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு, போன் இணைப்பெல்லாம் தானாகப் பழகிவிடும். ஓட்டும்போது தேடக்கூடாத பொத்தான்களை, வண்டி நிற்கும்போதே கையேட்டைப் பார்த்துப் பழகுங்கள்: வைப்பர், ஹசார்ட் விளக்கு, முன்கண்ணாடி மங்கலை நீக்கும் பொத்தான்.

சென்னைக்கு இந்தக் கடைசி வசதி ரொம்ப முக்கியம். மழையில் கண்ணாடியின் உள்பக்கம் மங்கினால், ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும். வெளிப்பக்கம் மங்கினால் வழியே வேறு. கண்ணாடி அதிகம் குளிர்ந்ததால் புழுக்கக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. வைப்பரைப் போட்டு, ஏசி குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்புங்கள். எந்தப் பக்கம் என்பது விரலால் தொட்டாலே தெரியும்.

அப்புறம் ஹில் ஹோல்டு, அதாவது ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி. கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பும்போது உதவும். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின் ஓரிரு விநாடிதான் அது வண்டியைப் பிடிக்கும். ஹேண்ட்பிரேக்குக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

டயர் காற்றளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள்.