கை போன பிறகு காகிதம்: ஊனக் காப்பீடு பற்றிக் கேட்டதும் சொன்னதும்

நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டோடு விபத்து ரிப்போர்ட்டும் என் மேஜைக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகும் கட்டுப் போட்ட கையோடு யாராவது வந்து "அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்பது நிற்கவில்லை. இந்தத் தடவை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கங்கைகொண்டான்: வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டே நாள். மிஷினில் வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. ஈ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் அரசுத் தொழிலாளர் காப்பீடு) பணம் ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. எனக்கு ஏதாவது கிடைக்குமா அண்ணாச்சி?

கிடைக்கும் தம்பி. காய்ச்சல், மஞ்சள்காமாலை என்று படுத்தால் வாங்கும் லீவு சம்பளத்துக்குத்தான் ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் பட்ட காயத்துக்கு அது கிடையாது. முதல் நாள் முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு.

பணம் இரண்டு கட்டமாக வரும். காயம் ஆறி டாக்டர் ஃபிட் சர்டிபிகேட் கொடுக்கிற வரை தற்காலிக ஊனத்துக்கான தொகை. இது சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். விபத்து நடந்த நாளைத் தள்ளி மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நோய் லீவு சம்பளம் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாளோடு முடிந்துவிடும். இதற்கு அப்படி நாள் கணக்கு இல்லை. ஆறுகிற வரை வரும்.

ஆறிய பிறகும் போன விரல் போனதுதானே? அப்போது ஈ.எஸ்.ஐ.யின் மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டர்கள் குழு, உட்கார்ந்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று முடிவு செய்யும். விரல்களுக்குச் சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது: முழு ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, பெருவிரலுக்கு 30. ஒரே கையில் மூன்று விரல் போனாலும் 30தான். பெருவிரல் இல்லாமல் ஒரு வாளியைத் தூக்கிப் பார்த்தால் இது ஏன் என்று தெரியும்.

உங்கள் சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் 450. அதில் 14 சதவீதம் 63 ரூபாய். ஒரு நாளைக்கு 63, முப்பது நாள் மாதத்துக்கு 1,890. இது ஆயுள் முழுக்க வரும். அதே ஆலைக்குத் திரும்பிப் போய் முழுச் சம்பளம் வாங்கினாலும் நிற்காது. பலர் இதை நம்புவதே இல்லை. வேலைக்குத் திரும்பினால் நின்றுபோவது முதல் கட்டத் தொகைதான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியதா? ஆலையிலிருந்து ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து ரிப்போர்ட் போனதா?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஆலையின் வாசலில் ஒரு போர்டு உண்டு: 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் சாக்பீஸில் எண். அந்த எண் இருநூறைத் தாண்டியிருந்த ஒரு நாள் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போனது. மேலே இருந்தவர்கள் அவனைத் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், 'வீட்டில் கதவிடுக்கில் நசுங்கியது' என்று எழுத வைத்தார்கள். அதற்கு ஏற்ற மாதிரி அவனுக்குச் சாதாரண லீவு போட்டது நான்தான். போர்டில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வரியை மாற்ற அவன் இரண்டு வருடம் அலைந்தான். கடைசியில் கூட நின்றவர்களின் சாட்சியத்தில்தான் மாறியது. அதனால்தான் சொல்கிறேன்: ஆஸ்பத்திரி சீட்டில் முதல் நாள் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள்.

விக்கிரமசிங்கபுரம்: ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் 40 சதவீதம் ஊனம் என்று சான்று கொடுத்தார்கள். ஈ.எஸ்.ஐ. போர்டில் 20தான் போட்டார்கள். யார் சொல்வது பொய்?

இரண்டும் பொய் இல்லை. இரண்டு தராசு. அரசு ஆஸ்பத்திரி கொடுப்பது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி உடலில் உள்ள குறை எவ்வளவு என்ற அளவு. இட ஒதுக்கீடு, சலுகை, அடையாள அட்டை இதற்கெல்லாம் அது வேண்டும். 40 என்பது அங்கே முக்கியமான கோடு. ஈ.எஸ்.ஐ. போர்டு அளப்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. முழங்கால் மடங்காத ஒருவர் மேஜை வேலை பார்ப்பவராக இருந்தால் ஒரு கணக்கு, சாரம் ஏறுகிற கொத்தனாராக இருந்தால் வேறு கணக்கு. நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் போர்டு உங்கள் வேலையைப் பற்றி அதிகம் கேட்காமலே முடித்துவிடுவதும் உண்டு.

அதனால் போகும்போது நீங்களே சொல்லுங்கள். 'கால் வலிக்குது சார்' என்று சொன்னால் அது காதில் ஏறாது. 'பதினைந்து கிலோ நூல் கூம்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நடக்கணும், இப்போ அரை மணி நேரம் நிற்க முடியல' என்று சொல்லுங்கள். அந்த 40 சதவீதச் சான்றையும் எக்ஸ்ரேக்களையும் கையில் கொண்டுபோங்கள். போர்டின் முடிவு ஒப்பவில்லை என்றால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். முதலில் உத்தரவைப் பாருங்கள்: 'தற்காலிக மதிப்பீடு' என்று இருந்தால் போர்டே உங்களை மறுபடி கூப்பிடும்.

களக்காடு: ஆறு பேர் வேலை பார்க்கும் அரிசி ஆலை. பெல்ட்டில் மாட்டி என் வீட்டுக்காரருக்குப் பெருவிரல் போய்விட்டது. வயது 35, சம்பளம் 18,000. ஈ.எஸ்.ஐ. கிடையாது. முதலாளி நல்லவர்தான், ஆஸ்பத்திரிச் செலவு போக 50,000 கொடுத்து 'இனி பாக்கி இல்லை' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனிமேல் கேட்க முடியுமா?

முடியும் அம்மா. பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. இல்லை, சரி. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் 1923-லிருந்து இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அது இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டாலும் கணக்குப் போடும் முறை மாறவில்லை.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி 15,000 வரைதான் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. வயது 35-க்கு அட்டவணையில் உள்ள காரணி 197.06. பெருக்கினால் 17,73,540. முழு ஊனம் என்றால் இவ்வளவு. பெருவிரலுக்கு 30 சதவீதம், ஆகவே 5,32,062 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு இதற்கு மேலே தனி. அதோடு இந்த 50,000-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளைத் தாளில் 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்கியது சட்டத்தின் முன் நிற்காது. தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. சமரசம் என்றால் அதை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். திருநெல்வேலி தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். விபத்து நடந்து இரண்டு வருடம் தாண்ட விடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டியும், காரணமில்லாமல் இழுத்தால் பாதித்தொகை வரை அபராதமும் போட இடமிருக்கிறது. கையில் வாங்கிய பணம் கழியலாம், அதை மறைக்க வேண்டாம்.

முதலாளி நல்லவர் என்றீர்கள். இருக்கட்டும். அவர் இந்தப் பொறுப்புக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்திருந்தால் கம்பெனி கட்டிவிட்டுப் போகும், அவர் கையைக் கடிக்காது. அதை முதலில் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

தச்சநல்லூர்: ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது லாரி இடித்துவிட்டது. இது வேலையில் நடந்த விபத்தா?

2010-லிருந்து ஆம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தினால் கணக்கில் சேரும். இரண்டு மணி ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு நேர் வழியில் என்றால் சிக்கல் இல்லை. வீட்டைத் தாண்டி டவுனுக்குப் போய் அல்வா வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு வந்தீர்கள் என்றால் வாதாடத்தான் வேண்டும். எஃப்.ஐ.ஆரில் நேரமும் இடமும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, வண்டி உங்கள் பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால், வண்டி இன்ஷூரன்ஸோடு உரிமையாளருக்கான சொந்த விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு இருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் போனால் அதில் பாதி. எலும்பு முறிவுக்குக் கிடையாது. அது கிடையாது என்று தெரியாமல் ஆறு மாதம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ராதாபுரம்: காற்றாலையில் டெக்னீஷியன். ஜூனில் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் விழுந்து முதுகெலும்பில் அடி. 'நீ ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போயாச்சு' என்கிறார்கள்.

போகவில்லை. சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடிகிற வரை நீங்கள் உள்ளேதான். பிடித்தமும் செப்டம்பர் வரை நடக்க வேண்டும். சம்பளச் சீட்டில் ஜூலையிலும் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். அவர்கள் பிடிக்காமல் விட்டிருந்தாலும் அது உங்கள் தப்பில்லை. விபத்தன்று உள்ளே இருந்தால் போதும், அதற்கான தொகை பிறகும் தொடரும். முதுகெலும்புக்கு விரல் மாதிரி அட்டவணை கிடையாது, போர்டுதான் முடிவு செய்யும். கோபுரம் ஏறுகிற வேலை என்பதை அங்கே அழுத்திச் சொல்லுங்கள்.

முக்கூடல்: அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார்கள். வயது 52. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விபத்து இல்லை, நோய். ஒன்றும் வராதா?

வரலாம், ஆனால் வேறு வாசல். அம்மாவுக்குப் பி.எஃப். நம்பர் இருக்கும். அதோடு சேர்ந்த 1995 ஓய்வூதியத் திட்டத்தில் முழு நிரந்தர ஊன ஓய்வூதியம் என்று ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போதே அந்த வேலை எதையும் செய்ய முடியாத நிலை வந்தால் போதும், அது வேலையினால்தான் வந்தது என்று காட்ட வேண்டியதில்லை. பத்து வருட சர்வீஸும் தேவையில்லை, ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தால் போதும். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் 58 வயது வரை காத்திருக்க வேண்டாம்.

முக்கியமாக, பணத்துக்கு அவசரப்பட்டு பி.எஃப்.பை மொத்தமாக எடுக்கும்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் இந்த வாசல் மூடிவிடும். பாஸ்புத்தகத்தில் பீடிக்கடைப் பெயர் சரியாக இருக்கிறதா, அம்மா பெயர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்ப் பெண்களின் கணக்கில் பெயர் ஒரு விதமாகவும் இனிஷியல் ஒரு விதமாகவும் கிடப்பது புதிதில்லை.

அம்பை: பேங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அதில் என் விரலுக்குப் பணம் வருமா?

வராது. பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா என்பது விபத்துச் சாவுக்கும், இரண்டு கண்ணோ இரண்டு கையோ இரண்டு காலோ போனதற்கும் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். விரலுக்கு இடமில்லை. இருந்தாலும் பிடிக்கட்டும், ஜூன் 1 அன்று கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டை: அப்பா மில்லில் கண் போனதற்கு மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பணம் வாங்கினார். போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அம்மாவுக்குத் தொடருமா?

தொடராது. சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தக் காயத்தினாலேயே இறந்திருந்தால் மட்டும்தான் குடும்பத்துக்கு மாதத் தொகை உண்டு. மாரடைப்புக்கும் கண்ணுக்கும் தொடர்பு காட்ட முடியாது. ஆனால் அப்பா இறந்த நாள் வரைக்குமான பாக்கி இருந்தால் அது அம்மாவுக்குச் சேர வேண்டியது. இறப்புச் சான்றோடு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அவர் கடைசியாக வாழ்நாள் சான்று கொடுக்காமல் சில மாதம் பணம் நின்றிருந்தால் அந்த மாதங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.