மகன் பெயரில் பி.ஆர். எடுக்கும் முன்

மார்த்தாண்டத்துத் தம்பிக்கு, சிங்கப்பூரில் வாடகை எவ்வளவு, பள்ளியில் இடம் கிடைக்குமா, பி.ஆர். (நிரந்தரவாசம்) எடுத்தால் ஒன்பது வயது மகனைப் பின்னால் பட்டாளத்துக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டும் உங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் தெரியும். மூன்றாவதற்குத்தான் நம் ஆட்கள் மழுப்புவார்கள்.

கூப்பிடுவார்கள். வேலை வழியாக பி.ஆர். வாங்கும் உங்களுக்கு விலக்கு உண்டு. உங்களோடு சேர்ந்து வாங்கும் மகனுக்குக் கிடையாது. பதினாறரை வயதில் பதிவு, 18 ஆனதும் அழைப்பு, முழுசாக இரண்டு வருடம் என்.எஸ். என்கிற கட்டாய தேசிய சேவை. அப்புறமும் ரிசர்வில் பெயர் இருக்கும், 40 வயது வரைகூடக் கூப்பிடலாம். ஏய்த்தால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாலும், பிறகு இங்கே படிக்கவோ வேலைக்கோ வரும்போது அது குறுக்கே நிற்கும்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரே அறையில் ஆறு பேர் நெருக்கிப் படுத்துக் கிடந்த நாட்களைத் தாண்டி வந்தவன் நான். ஃபாரம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட் காசை எண்ணி வாங்கினாரே தவிர, என்.எஸ். பற்றி மூச்சு விடவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பி.ஆருக்கான குறைந்த பள்ளிக் கட்டணத்தில் பையனைப் படிக்க வைத்துவிட்டு, பதினாறு நெருங்கும்போது மூட்டை கட்டுகிற நம்மவர்கள் இருக்கிறார்கள். எல்லையில் சண்டை என்றால் 'அடித்து நொறுக்கு' என்று வாட்ஸ்அப்பில் முதலில் எழுதுவதும் அவர்கள்தான். அடிபடப் போவது யார் வீட்டுப் பிள்ளை?

எங்கள் கருங்கல் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் வீட்டுப் பையன் எவனும் சிப்பாயாகப் போய் நான் பார்த்ததில்லை. பால் வெட்டுகிறவர் வீட்டுப் பையன்தான் போவான். என் மாமா அப்படிப் போனவர். லீவுக்கு வந்து குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினால், வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி தலையில் இருக்கும். நாட்டுப்பற்று அவருக்கு நிறையவே உண்டு. ஆனால் அவரைப் பட்டாளத்தில் சேர வைத்தது வீட்டு அடுப்பு. 2022இல், நாலு வருடத்துக்கு மட்டும் சிப்பாய் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தபிறகு பட்டாளத்துப் பென்ஷனும் உறுதியில்லை. நாலு வருடம் முடிந்தால் நூற்றில் 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் விடியற்காலை மூச்சிரைக்க ஓடுகிற பையன்களைப் பார்த்தால் மனசு கனக்கும். இது இன்று நேற்று வந்ததல்ல. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்க்கு உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. நம் பக்கம் நின்று செத்த சாதாரணச் சிப்பாய் ஒருவரின் பெயரையும் நான் கல்லில் படித்ததில்லை.

இங்கே அந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. என் மகன் என்.எஸ். சேர்ந்த அன்று, பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் கூடவே போனோம். அங்கே சாப்பாட்டுக்கூடத்து மேஜையில் எங்களுக்கு ஒருபுறம் டாக்ஸி ஓட்டுகிறவர் குடும்பம், மறுபுறம் ஏதோ கம்பெனி முதலாளி குடும்பம். மூன்று பையன்களுக்கும் ஒரே தட்டு, அப்புறம் ஒரே மொட்டை. இங்கேயும் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. பெரிய இடத்துப் பிள்ளைகளை 'வெள்ளைக் குதிரை' என்று தனியாகக் குறித்து வைத்த வழக்கம் 2000 வரை இருந்ததாக 2003இல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். சலுகைக்காக அல்ல என்றார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. ஆனாலும் பணக்காரன் மகனும் துப்பாக்கி தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், சண்டை வேண்டும் என்று பேசுகிறவன் ஒரு நிமிஷமாவது யோசிப்பான்.

"இந்தியப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு வேற நாட்டுக்குக் காவலா மக்கா?" என்று அம்மா போனில் அழுதாள். "அவனைப் படிக்க வச்ச ஊரு இதுதானே அம்மா" என்றேன். இன்றைக்கும் அதேதான் சொல்வேன்.

மனசு ஒப்பவில்லை என்றால், உங்களுக்கு மட்டும் பி.ஆருக்கு விண்ணப்பியுங்கள். மகன் ஸ்டூடன்ட் பாஸில் படிக்கட்டும். கட்டணம் நிறையக் கூடும், அதைச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். ஃபாரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.